சோற்றின் மேல் போட்ட பழி

அருணகிரி தன் மதியச் சாப்பாட்டைத் தெருநாய்களுக்குக் கொட்டிக்கொண்டிருந்ததை அவன் மனைவியே நேரில் பார்த்துவிட்டாள்.

முட்டுக்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் அவன் பி.டி. மாஸ்டர். கல்யாணமாகி நாலைந்து மாதந்தான் ஆகிறது. தமிழ்ச்செல்வி கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அன்று கடை திறக்கவில்லை. காலையில் மீன் வறுக்க நேரமில்லாமல் குழம்பு மட்டும் கட்டிக் கொடுத்திருந்தாள். சூடாக வறுத்து எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். வாட்ச்மேன், "மாஸ்டர் மதியத்துல அந்தக் கழிமுகத்துப் பக்கந்தான் போவாரும்மா" என்று கை காட்டினார்.

அங்கே போனவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவன் டிபன் பாக்ஸின் மூலையில் ஒட்டியிருந்த சோற்றைக்கூட விரலால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்ணிகினு கீறீங்க?"

அவன் திரும்பினான். நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு அவளிடமும் ஓடின. தினமும் நடப்பதுதான் என்பதைப் புரிந்துகொள்ள அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"என் சமையல் புடிக்கலையா? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

தப்பிக்க ஒரு வழியை அவளே திறந்துவிட்டாள். அவன் அதற்குள் புகுந்துகொண்டான். "காரம் ஒத்துக்கல" என்றான். சொன்னதும் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னால் அவன் அதிகம் கூனிக் குறுகினான்.

தமிழ்ச்செல்வி திரும்பி நடந்தாள். மீன் பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது. சாயந்திரம் அவன் வீட்டுக்கு வந்தபோது, அவள் மகாபலிபுரத்துப் பக்கம் பூஞ்சேரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

சோற்றுக்கும் அவனுக்கும் பகை உண்டானது பள்ளிக்கூட நாட்களில். மாவட்டக் கபடி அணித் தேர்வில் எடை கொஞ்சம் கூடிவிட்டது என்று சட்டையைக் கழற்றச் சொல்லி மறுபடியும் எடை மெஷினில் நிறுத்தினார்கள். அப்போதும் முள் இறங்கவில்லை. வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அடுத்த தேர்வுக்கு அவன் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தான். அணியில் சேர்ந்தான், விளையாடினான். விளையாட்டு நின்ற பிறகும் பட்டினி நிற்கவில்லை. சோற்றைப் பார்த்தாலே அடிவயிறு கவ்விப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் எப்போதும் அதே கொழுத்த பையன் தெரிந்தான். பைக் வாங்குவதற்கு முன்பெல்லாம் ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக உட்கார வெட்கப்பட்டு அடுத்த வண்டிக்கு நிற்பான். டிரைவர்கள், "வா மாஸ்டர், நீ ஒல்லி ஆளுதான்" என்று கூப்பிட்டால் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை பூஞ்சேரியில் பஞ்சாயத்து நடந்தது. அருணகிரியின் அப்பா முத்துசாமி திருப்போரூர் பக்கம் தண்ணி லாரி ஓட்டுகிறவர். சத்தமாகப் பேசித்தான் பழக்கம்.

"என் புள்ள எப்டி எளச்சிப் போயிட்டான் பாருங்க. ஒரு பொண்ணுக்குக் கொழம்பு வெக்கத் தெரியாதா? சொல்லிக் குடுத்து அனுப்ப மாட்டீங்களா?"

தமிழ்ச்செல்வியின் அம்மா எல்லம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. "எம் பொண்ணு கையால சாப்ட்டவங்க ஒருத்தரும் கொற சொன்னதில்ல சம்மந்தி. வேணும்னா மாப்ளையக் கேளுங்க."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். தமிழ்ச்செல்வியும் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வாசலில் நின்றிருந்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம்.

"விடுப்பா. போகப் போகக் கத்துக்கும்" என்றான்.

பெருந்தன்மையான மாப்பிள்ளை என்று யாரோ தலையாட்டினார்கள். தமிழ்ச்செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், பள்ளி விட்டுக் கிளம்பும் நேரத்தில், போனில் அவள் பேசி அனுப்பிய பதிவு ஒன்று வந்திருந்தது. "அம்மாகிட்ட மறுபடியும் கத்துக்கினு கீறேன். காரம் கொறச்சி, எண்ணெ கொறச்சி. உங்களுக்குப் புடிச்சது ஒண்ணாவது சொல்லுங்க. அத மொதல்ல பழகிக்கிறேன்."

அழுகை இல்லை, கோபம் இல்லை. தன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்ட குரல். அருணகிரி அதை இரண்டாந்தடவை கேட்கத் துணியவில்லை. வண்டியை நேரே பூஞ்சேரிக்கு விட்டான்.

அவளை வெளியே கூப்பிட்டு, சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன் சமையல்ல ஒண்ணும் இல்ல. யாரு சமச்சாலும் கொட்டிடுவேன். சாப்ட்டா ஊதிடுவேன்னு பயம்."

"யாரு, நீங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"தொப்ப தெரியல உனக்கு?"

அவள் கையை நீட்டி அவன் வயிற்றில் வைத்தாள். சட்டைக்கடியில் விலா எலும்புதான் தட்டுப்பட்டது. கையை எடுக்காமலே, "எங்க கடைக்கு ஒரு காலேஜ் பொண்ணு வரும். அதுக்கும் இதே வியாதிதான்" என்றாள்.

'பொண்ணு' என்ற சொல் அவன் காதில் அறைந்தது. விசில் ஊதி நூறு பையன்களை ஓடவைக்கிறவன் அவன்.

செங்கல்பட்டில் மனநல மருத்துவர் ஜெனிஃபரிடம் அவளே அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு பருத்திக் கயிற்றைக் கொடுத்தார். "உங்க இடுப்பு சரியா அடங்குற அளவுக்கு இதைத் தரையில வட்டமாப் போடுங்க."

போட்டான்.

"இப்ப இன்னொரு கயித்துல உங்க மனைவியோடது."

அதையும் போட்டான். டாக்டர் இருவரையும் அளந்து பார்த்தார். தமிழ்ச்செல்வியின் வட்டம் ஏறக்குறையச் சரியாக இருந்தது. அவனுடைய வட்டத்துக்குள் அவளும் வந்து கூட நின்றுகொள்ளலாம். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த பிறகும் நம்பிக்கை வரவில்லை என்பதுதான் அவமானமாக இருந்தது.

"கண்ணுல கோளாறு இல்ல" என்றார் டாக்டர். "நம்ம உடம்போட படம் ஒண்ணு மூளைக்குள்ள இருக்கு. கண்ணு, தோலு, தசை எல்லாம் அனுப்புற செய்தியை வச்சு மூளை அதைத் திருத்திக்கிட்டே இருக்கும். உங்க மூளை பழைய படத்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. வயித்துலேர்ந்து போற செய்தியும் அப்படித்தான். இது பசி, இது பயம், இது வெட்கம்னு பிரிச்சுச் சொல்ற இடம் மூளையில இருக்கு. அங்க எல்லாம் கலந்துபோகுது. பசிச்சாலும் உங்களுக்குப் பயந்த மாதிரிதான் தெரியும். பட்டினி கிடக்கக் கிடக்க அது இன்னும் மோசமாகும். ஏன் இப்படி ஆகுதுன்னு முழுசா யாருக்கும் தெரியல. ஆனா சரி பண்ண வழி இருக்கு. நாளாகும்."

"ஆம்பளைக்கு வருமா மேடம்?"

"வரும். வெளிய சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

திரும்பும்போது திருப்போரூரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினான். எல்லாம் வெளிச்சமாகிவிட்டது, இனி அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தான்.

தமிழ்ச்செல்வி டீயைத் தொடவில்லை. "சோத்தக் கொட்டுனது வியாதின்னு புரியுது. 'கத்துக்கும்'னு சொன்னீங்களே எல்லார் முன்னாடியும், அதுவும் வியாதியா?"

அதற்கு எந்த டாக்டரிடமும் பதில் இருக்காது என்று அவனுக்குத் தெரிந்தது.

மறுநாளே அப்பாவை அழைத்துக்கொண்டு பூஞ்சேரிக்குப் போனான். முத்துசாமி வழியெல்லாம், "இன்னாடா சமாச்சாரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவன் எல்லம்மாள் எதிரில் நின்றுகொண்டு சொன்னான். தன் நோயைச் சொன்னான், பிறகு தான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டான். நோயைச் சொல்லும்போது காது மட்டும் எரிந்தது. பொய்யை ஒப்புக்கொள்ளும்போது எல்லம்மாளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இதெல்லாம் வெளிய சொல்லாதடா" என்று முத்துசாமி முணுமுணுத்தார். பிறகு எல்லம்மாள் பக்கம் திரும்பாமலே, "நானும் அன்னிக்கி வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்" என்றார்.

எல்லம்மாள் உடனே சமாதானம் சொல்லிவிடவில்லை. "பக்கத்து வூட்டுக்காரங்க இன்னும் எம் பொண்ணுகிட்ட 'கொழம்பு வெக்கக் கத்துக்கினியா'ன்னு கேக்குறாங்க மாப்ள. அவங்ககிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் அத்த."

வாசலுக்குப் போனான். பக்கத்து வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அடிவயிறு கவ்வியது. உள்ளேயிருந்து தமிழ்ச்செல்வி எழுந்து வந்தாள். அவன் பக்கத்தில் நிற்கவில்லை. கதவோரம், அவன் சொல்வது தன் காதில் விழுகிற தூரத்தில், நின்றுகொண்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்று அருணகிரி ஆரம்பித்தான்.