இடது கன்னம்

ரேடியம் கலந்த முகக்கிரீமை வாடிக்கையாளர் கண்ணெதிரே தன் கன்னத்தில் பூசிக்காட்டுவதுதான் அந்தக் கடையில் விற்பனைப் பெண்ணின் வேலை. பூசிப் பூசி வலது கன்னம் புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது.

"எனக்கு ஒத்துக்கலைங்க முதலாளி."

"உன் தோலு அப்படி. கிரீம் மேல பழியைப் போடாதே. புண்ணைத் துணியால மறைச்சுக்கிட்டு, இனிமே இடது கன்னத்துல பூசு."

அந்நேரம் பார்த்து முதலாளியின் செல்ல மகள் ஓடிவந்து, திறந்திருந்த டப்பாவுக்குள் விரலை விட்டாள். மனுஷன் அலறியடித்துக்கொண்டு பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய், சோப்புப் போட்டுத் தோல் உரியத் தேய்த்தார். பிள்ளை வீறிட்டு அழுதது.

கையைத் துடைத்தபடி திரும்பி வந்தவர், சின்ன விரல்தடம் பதிந்த அதே டப்பாவை விற்பனைப் பெண் பக்கம் நகர்த்தினார்.

"என்ன முறைக்கிற? ஆள் வருது. சிரிச்சுக்கிட்டே பூசு."