வாளியில் கொஞ்சம் கிட்யிங்

குளிர் முடிந்து தெற்குக் காற்று திரும்பும் நாட்களில் எங்கள் முத்தாற்றங்கரையில் யாரும் ஜன்னலைத் திறக்கமாட்டோம். சுவரெல்லாம் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று அதைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். சுவர் வியர்க்கும், தரை வியர்க்கும், படத்துக்குள்ளிருக்கும் என் அப்பாவுக்குக்கூட நெற்றியில் வியர்க்கும்.

மருமகள் துங்மெய் வடக்கத்திக்காரி. அவள் ஊரில் எது நனைந்தாலும் காற்றுக்குக் காட்டினால் காய்ந்துவிடும். அன்று நான் டீக்கடையிலிருந்து திரும்பியபோது வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன.

"சுவரெல்லாம் ஈரம் மாமா. கொஞ்சம் காயட்டும்னு தொறந்தேன்."

"அடிப்பாவி! அத்தை எங்க?"

"மாடியில தூங்குறாங்க."

படியில் பாதிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குள் மூடுபனி. கொடிக்கயிற்றின் ஒரு நுனியைக் கைப்பிடியில் கட்டி, மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு என் மனைவியைத் தேடி உள்ளே போனேன்.

"கிட்யிங்!"

"கத்தாத கிழவா. காது நல்லாத்தான் கேக்குது."

குரல் வந்த பக்கம் நடந்தேன். எங்கள் மாடியில் இருப்பது ஒரே அறை. படகுத்துறை வரை போகும் தூரம் நடந்தும் கட்டில் தட்டுப்படவில்லை. கயிறு எப்படி எட்டியது என்று கேட்காதீர்கள், எட்டியது. அலமாரி இருக்கவேண்டிய திசையில் ஒரு கப்பல் சங்கு ஊதியது.

"எந்திரிக்காத! அங்கயே இரு!"

"நான் எங்க எந்திரிச்சேன்? கட்டில்தான் போய்க்கிட்டே இருக்கு." குரல் வெகுதொலைவிலிருந்து வந்தது. "சீக்கிரம் வாயேன்."

கல்யாணமானதிலிருந்து அவள் என்னைத் திட்டாமல் கூப்பிட்டதே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"ஜன்னலை மூடு! மெஷினைப் போடு!"

ஈரம் உறிஞ்சும் மெஷின் உறுமியது. வாளியில் தண்ணீர் சொட்டியது, பிறகு ஒழுகியது. படிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஆனால் வாளி நிறைய நிறைய மேலே கிட்யிங்கின் குரல் மெலிந்துகொண்டே போனது. கடைசியில் கொசு பாடுவதுபோல் ஆகிவிட்டது. துங்மெய் வாளியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தாள்.

"கொட்டாத!"

"தண்ணிதானே மாமா?"

"உள்ள உன் அத்தை இருக்கா."

பாவம் கிழவன் என்று என்னைப் பார்த்தாள். பிறகு வாளிக்குள் பார்த்தாள். மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மாமா... இது முணுமுணுக்குது."

சாயங்காலம் காற்று வடக்கே திரும்பியது. காய்ந்த காற்று. இப்போது நானே ஜன்னலைத் திறந்தேன். பனி கிழிந்தது. கட்டில் பழைய இடத்திலேயே நின்றது. அதில் கிட்யிங் உட்கார்ந்திருந்தாள், தலை சொட்டச் சொட்ட. எப்போதும் தரையைத் தொடும் அவள் பாதங்கள் அந்தரத்தில் தொங்கின. ஒரு சாண் குறைந்திருந்தாள்.

"எவ ஜன்னலத் தொறந்தது?" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வாளியை மூடி எங்கள் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வடக்குக் காற்று அடித்து அவள் உதடு வெடிக்கும்போது ஒரு கரண்டி எடுத்துத் தடவுவேன். உடனே ஆறிவிடும், அவளும் ஒரு நூல் உயர்வாள். வாளியில் இப்போது பாதிதான் இருக்கிறது. போன குளிர்காலத்தில் மழையே இல்லை, காற்று எலும்பு வரை உலர்த்தியது. அவளுக்கு அடிக்கடி தாகம் எடுக்கிறது. தீர்ந்துபோனால் எதைத் தடவுவது என்று ராத்திரியில் எழுந்து வாளியின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.