படிக்காமல் கறுப்படித்த பக்கம்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் தலைமேல் விழுந்தது. யாரோ அச்சடித்த தாளை எடுத்து, பிடித்த நாலைந்து சொற்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கறுப்பு மையால் அடித்து, ஓரத்தில் ஒரு படம் வரைந்தால் அது கவிதை. நான் செய்வது அதுதான். மருந்துக் குறிப்பு, வாஷிங் மெஷின் கையேடு, எது அகப்பட்டாலும் சரி. போன திங்கட்கிழமை என் தங்கையின் கடிதத்தை அடித்துவிட்டேன்.

என் தங்கை சிறு வயதிலிருந்தே அமைதியான

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அவள் தியாகி மாதிரி வந்து நிற்பாள். இல்லவே இல்லை, நல்ல பிடிவாதக்காரி.)

2

அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. என்னோடுதான் இருக்கிறாள். என் மேசையின் இடது மூலையில் எதை வைத்தாலும் கறுப்படிப்பேன் என்று தெரிந்தவள், கடிதத்தை ஏன் அங்கே வைத்தாள்? (கேட்டேன். "நீ பார்க்கிற ஒரே இடம் அதுதானே" என்றாள்.)

என் வேலைமுறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ராட்சசி என்பீர்கள். தாளைக் கீழிருந்து மேலாகத்தான் பார்ப்பேன். மேலிருந்து படித்தால் விஷயம் புரிந்துவிடும்; புரிந்துவிட்டால் அடிக்கக் கை வராது. ஆகவே தவறு என்னுடையது மட்டும்

சரி, சப்பைக்கட்டு. விடுங்கள்.

மிஞ்சியது இது:

சாவி
உன்னிடமே இருக்கட்டும்
மழை
எனக்கு

பக்கத்தில் ஒரு குடை வரைந்தேன். படமெடுத்து அனுப்பியதும் என் பதிப்பாளர் போனிலேயே குதித்தார். "மேடம், அட்டைப்படமே இதுதான்!"

3

கிளிப்பில் காயப்போட்டிருந்ததைத் தங்கை பார்த்தாள்.

"இது என் லெட்டர்."

"டைப் பண்ணியிருந்துச்சேடி! ஏதோ நோட்டீஸ்னு நெனச்சேன்."

"என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்னு நீதானே சொன்ன? அதான் டைப் பண்ணேன்."

"சரி, என்ன எழுதியிருந்த? வாயால சொல்லு."

"வாயால சொல்ல வந்திருந்தா ரெண்டு மாசம் உக்காந்து எதுக்கு எழுதறேன்? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருந்தேன்."

4

இந்தக் கதைக்கு முடிவு ஒன்று: தாளை விளக்கில் பிடிக்கிறேன், எழுத்து தெரிகிறது. (தெரியாது. நான் மையை இரண்டு கோட் அடிப்பவள். என் நேர்த்தியைக் கொண்டுபோய் உடைப்பில் போட.)

முடிவு இரண்டு: அவள் இன்னொரு பிரதி எடுத்துத் தருகிறாள். (ஆஸ்பத்திரிக் கணினியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, அச்செடுத்த அன்றைக்கே அழித்துவிட்டாளாம்.)

மூன்று: எதுவானாலும் சரி என்று சொல்லிவிடுகிறேன். (எதற்குச் சரி? சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவதற்கா? அந்த வரியை வைத்துக்கொண்டு நான் கவிதை என்று பூரித்துப்போயிருந்தேன்.)

5

இன்று வியாழன். காலையில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"முதல் வரியையாவது சொல்லித் தொலையேன்!"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"'அக்கா, இதையாவது முழுசாப் படி'ன்னு ஆரம்பிச்சிருந்தேன்."

வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அந்த வரியைத்தான் நான் கடைசியாக அடித்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது, அதைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது.

முடிவை நான் எழுதப்போவதில்லை. கதைக்கு வால் இல்லை என்று உங்களுக்குக் குறையாக இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் போய்விட்டாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.