கெடுக்கும் உத்தியோகம்

என் வீட்டுக்காரருக்குக் கெடுப்பதற்குத்தான் சம்பளம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தகவலை நடுவழியில் மறித்து, ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றிவிடுவார். அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த அதே ஆபீசில் நாங்கள் எழுதும் புரோகிராம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் எமன். அவர் அறையிலிருந்து முகம் தொங்காமல் வெளியே வந்தவர் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் என் புரோகிராமை முதல் தடவையிலேயே பாஸ் போட்டுவிட்டார். ஆம்புலன்ஸிலிருந்து நோயாளியின் இதயத்துடிப்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கருவிக்காக எழுதியது அது. மறுநாள் வண்டியில் ஏறப்போகிறது. எல்லோரும் கைகுலுக்கினார்கள், மேலாளர் கேக் வாங்கிவரக் கிளம்பினார். எனக்கு மட்டும் சந்தேகம்.

நேரே அவர் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். ஒன்றும் பூஜ்யமுமாகக் கட்டி அனுப்பும் ஒரு தொகுப்புக்கு அவர் வைத்தது ஒரே ஒரு பிழை! ஒற்றைப் பிழையை என் புரோகிராம் தூக்கத்திலேயே திருத்தும். ஓடுகிற வண்டியில் வரும் இரைச்சல் இப்படி அளந்து பார்த்தா கெடுக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாவம் பாத்தீங்களா?"

"இல்ல... நீ சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு..." என்று இழுத்தார் எமன்.

"அந்த வண்டியில உங்க அக்கா படுத்திருந்தா?"

அவர் திரும்பி, தொகுப்புக்கு இரண்டு பிழை வைத்தார். என் புரோகிராம் திருத்தத்தான் செய்தது, ஆனால் தப்பாக. சோதனைக்காக இந்தப் பக்கக் கணினியில் துடிப்பு நின்றதாக வைத்த இதயம், அந்தப் பக்கத் திரையில் ஜோராகத் துடித்தது.

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். கேக்கும் கையுமாக நின்றவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வண்டியில் ஏற்றுவது தள்ளிப்போனது.

புதிதாக எழுதினேன். திருத்த முடிந்தால் திருத்தும். முடியாவிட்டால் முடியாது என்று ஒப்புக்கொண்டு, திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கும். வீட்டில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, ஆபீசில் கண்மண் தெரியாமல் கெடுத்தார் மனிதர். மூன்று தடவை என்னைத் தோற்கடித்தார்.

நான்காவது தடவை, அந்த அறையிலிருந்து முகம் தொங்க வெளியே வந்தது அவர்தான்.

"எப்படிக் கெடுத்தாலும் பிடிச்சிடுதும்மா. என்னால முடியல."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரியாக் கேக்கல," என்றேன். "திரும்பச் சொல்லுங்க."