பன்னிரண்டாவது தப்பு

என் மனைவிக்கு நான் வாங்கி வந்த பிளேயரில் விளக்கு எரிந்தது. சிவப்பு, பச்சை, ஊதா என்று பாட்டுக்கேற்ப மாறி மாறி எரிந்தது. கடைக்காரர் தட்டிக் காட்டியதும் நானும் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிவிட்டேன். நிழல் மட்டுமே தெரிகிற கண்ணுக்கு விளக்கு எரிகிற பெட்டி! என் புத்தியை என்ன சொல்ல.

அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கேட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்த நாவல் மறுபடி முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தது.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா விட்ட இடம் இதுக்கு ஞாபகம் இல்லைங்க. ஒன்பது மணி நேரத்தை நான் எப்படி ஒரே மூச்சுல கேக்கறது?"

ஒன்பது மணி நேரத்துக்குக் காரணம் இருந்தது. இருபத்தாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள் அவள். கண் போனது, வேலையும் போனது. இரண்டு வருடமாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் காலடியை எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது அதே அச்சகம் தன் பழைய புத்தகங்களை ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்கிறது. மேலாளர் அம்மா ஒரு நாவலை மெமரி கார்டில் போட்டுக் கொடுத்திருந்தார். வாசித்தவர் எங்கெங்கே தப்பு விட்டிருக்கிறார் என்று திங்கட்கிழமைக்குள் பட்டியல் தரவேண்டும். தேறினால் வேலை. போனில் கேட்கலாமென்றால், அது நாளெல்லாம் என்னோடு குழாய் வேலைக்கு வந்துவிடும். அந்த வழவழக் கண்ணாடியில் அவள் விரலுக்குப் பிடிமானமும் இல்லை.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மாற்றித் தரவேண்டும் என்றதும் கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது.

"நேத்து நல்லா கேட்டுத்தானே சார் வாங்கினீங்க?"

"நேத்து வந்தது நான். இன்னைக்கு வந்திருக்கறது விஷயம் தெரிஞ்சவங்க," என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினாள். முதலில் பொத்தான்களைத் தடவிப் பார்ப்பாள். பிறகு தன் கார்டைச் செருகி, வாக்கியம் பாதியில் இருக்கும்போதே படக்கென்று அணைப்பாள். மறுபடி போடுவாள். வெள்ளிப் பளபளப்பில் ஒன்று, முதல் வரிக்கே ஓடியது. பேனா மாதிரி ஒன்று, அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போனது. கடைக்காரர் கொட்டாவி விட்டார். எனக்குச் சுருக்கென்று உறைத்தது. எந்தக் குழாயைப் பூட்டினாலும் தண்ணீர் திறந்து பார்க்காமல் வீட்டுக்காரரிடம் காசு வாங்க மாட்டேன் நான். இவள் விஷயத்தில் மட்டும் விளக்கைப் பார்த்து மயங்கியிருக்கிறேன்.

கடைசியில் தட்டின் மூலையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. இருப்பதிலேயே விலை குறைவு. "இதை யாருமே வாங்கறதில்லம்மா. பாட்டு சுமாராத்தான் கேக்கும்."

"அவன் படியேறிப் போய்" என்ற இடத்தில் அவள் அணைத்தாள். போட்டாள். "கதவைத் தட்டினான்" என்றது அது. பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். அது பத்து விநாடி பின்னால் போனது, அவன் மறுபடி படியேறினான்.

"இதுதாங்க," என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

நான்கு நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவள் காதில் வயர், என் கையில் நோட்டு. "மூணாவது அத்தியாயம் நடுவுல, ஒரு வரியை ரெண்டு தடவை வாசிச்சிருக்கார்," என்பாள். என் கோழிக்கிறுக்கலில் எழுதுவேன். ஞாயிறு மதியத்துக்குள் பதினொன்று சேர்ந்துவிட்டன.

அப்போது ஓரிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "என்னங்க, மக 'இல்லப்பா, நான் வரல'ங்கறா. அப்பா எதுவுமே கேக்கலையே? கேள்வியே இல்லாம பதில் வருது. வரியை விட்டுட்டார் போல. புத்தகத்தை எடுத்துப் பாருங்க."

அலமாரியில் அந்த நாவல் இருந்தது. பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். அச்சிலும் அந்த வரி இல்லை.

சொன்னதும் அவள் முகம் வெளிறியது. "அச்சு கோக்கும்போது விழுந்திருக்கு. அப்போ அது என் தப்பு. கடைசி புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"புத்தகம் வந்து பதினஞ்சு வருஷமா எவனுக்கும் தெரியல. விட்டுத் தொலையேன்! வேலை கேட்டுப் போற இடத்துல நீயே தலையைக் கொடுப்பியா?"

"பன்னெண்டுன்னு போட்டு எழுதுங்க."

மறுபடி அந்த ஜன்னலோரமா? சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று பேனா மூடியால் காகிதத்தில் கிறுக்கினேன்.

"எழுதிட்டேன்."

"சரி, வாசிங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டித்தான் எங்க அச்சகத்துல அனுப்புவோம்."

வாசித்தேன். அவள் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள், பத்து முடிந்ததும் மறுபடி முதல் விரலிலிருந்து. பதினொன்றில் நான் நின்றேன். மடங்காத அடுத்த விரலை என் பக்கம் நீட்டினாள்.

"பன்னெண்டாவது எங்கங்க?"

என் வாழ்க்கையில் அப்படிக் கூசியதில்லை. பேனாவைத் திறந்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வாசித்தவர் மேல் குற்றமில்லை, அச்சிலேயே ஒரு வரி விடுபட்டிருக்கிறது, பிழை திருத்திய நான் கவனிக்கவில்லை. அதையும் வாசித்துக் காட்டினேன்.

திங்கட்கிழமை மேலாளர் அம்மா பட்டியலை இரண்டு தரம் படித்தார். "பன்னெண்டாவதை நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"எனக்குத் தெரியுமே," என்றாள் என் மனைவி.

அந்த அம்மா எழுந்து போய் அடுத்த நாவலின் கார்டை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்ததுமே சாம்பல் கட்டியைப் பையிலிருந்து எடுத்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டவில்லை, என் முழங்கையை இடித்தாள்.

"நோட்டை எடுங்க. மூடியால இல்ல, பேனாவால."