இன்னொரு ரவுண்டு

விமானத்தின் இறக்கைகளுக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொடுத்துத் தாங்கியபடி அவள் சமையலறையில் நின்றிருந்தாள். மூக்கு மெல்ல உயர்ந்தது. வால் தாழ்ந்தது.

"வால் கனக்குது. பேட்டரிய ஒரு நூல் முன்னால தள்ளு" என்றான் கணவன்.

"ரெண்டு கையும் இதுல இருக்கு. மூக்கால தள்ளவா?"

அவன் சிரித்தான். வலது கையை நீட்டி, விமானத்தின் வயிற்றிலிருந்த பட்டையைத் தளர்த்தி பேட்டரியை நகர்த்தினான். விமானம் சற்று யோசித்துவிட்டுச் சமமாக நின்றது. வெள்ளை ஃபோம் அட்டையில் செய்தது, மடித்து வைத்த சட்டையின் எடைகூட இருக்காது. அடுப்பில் கொதித்த தண்ணீரின் ஆவி பட்டதற்கே லேசாக ஆடியது. இவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் நேராக இருவரும் நின்று எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் பஸ் டிரைவர். போன வருடம் ஓடும் பஸ்ஸிலேயே பக்கவாதம் வந்தது. கியரின் மேலிருந்த இடது கை யாரோ எடுத்துப் போட்டதுபோல மடியில் விழுந்ததாம். பஸ் சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கால் திரும்பியது, பேச்சு திரும்பியது. கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்கள் மடங்கும், தாமாக நிமிராது. டம்ளரைப் பிடித்தால் விட முடியாது. தினமும் அவன் குளித்துவிட்டு வந்ததும் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக அவள் நிமிர்த்திவிடுவாள். கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இப்போதெல்லாம் "பாக்கலாம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

திங்கட்கிழமை அவன் மெடிக்கல் போர்டு முன்னால் நிற்க வேண்டும். மறுபடி ஸ்டியரிங்கைக் கேட்கலாம், அல்லது டெப்போவின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து செய்யும் வேலையை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு மாதமாக இந்தப் பேச்சில்தான் அவர்களுடைய எல்லாச் சண்டையும் தொடங்கியது. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"ஒரு ஏரோப்ளேன் பண்றேன். நானே ஏத்தி நானே இறக்கிட்டேன்னா வண்டிய கேப்பேன். முடியலைன்னா நீ சொல்ற நாற்காலியில போய் உக்காந்துக்கறேன். போதுமா?"

"விளையாட்டுச் சாமான வெச்சா இதையெல்லாம் முடிவு பண்ணுவாங்க?"

"ரெண்டு கையும் வேணும் அதுக்கு. டாக்டர் சுத்தியால தட்டிப் பாக்கறதவிட பெரிய பரீட்சை."

நோய்க்குப் பிறகு அவன் வாயிலிருந்து 'முடியலைன்னா' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவள் சம்மதித்தாள்.

பரணில் அவனுடைய பழைய விமானங்கள் இரண்டு இருந்தன. வார விடுமுறைகளில் பறக்கவிட்டவை. அவற்றை எடுக்கலாமே என்றதற்கு, "அது பழைய கைக்குப் பழகினது" என்றுவிட்டான். அட்டையை அவன் முழங்கையால் அழுத்திக்கொள்ள அவள் வெட்டினாள். பசையைச் சூடாக்கி அவன் வைக்க அவள் ஊதி ஆற்றினாள். வாலின் செங்குத்துப் பலகையில் திரும்புவதற்கான மடிப்பை வெட்டப் போனபோது அவன் தடுத்தான்.

"சுக்கான் வேண்டாம். எடை."

பழைய இரண்டிலும் அது இருந்தது. அதை இடது கட்டைவிரலால் ஆட்டுவான் என்பதும் அவளுக்குத் தெரியும். கத்தியை மூடி வைத்தாள். சுக்கான் போனபின் இடது கைக்கு மிஞ்சியது ஒரே வேலை, மோட்டாரின் வேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இடித்துத் தள்ளிய ஒரு மில்லின் காலி மைதானத்துக்குப் போனார்கள். அவனோடு எட்டு வருடம் ஓடிய கண்டக்டர் முன்பே வந்து நின்றிருந்தான். டெப்போவில் அவனை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அவனுக்கு அந்தப் பெயர்தானாம்.

"அண்ணே, டிக்கெட் கிழிக்கவா? ஒரு ஆள் ஏற முடியாது போலிருக்கே இதுல."

"உன்ன ஏத்தினா மூக்கு குத்தும்டா."

"அண்ணி, பாருங்க, பழைய வாய் வந்துருச்சு. கை வராமலா போயிடும்?"

அவள் சிரித்து வைத்தாள். ரிமோட்டைக் கணவன் கழுத்தில் மாட்டினாள். இடது விரல்களை அதன் விளிம்பில் பொருத்தி, கட்டைவிரலை வேகக் குச்சிக்கு அடியில் வைத்தாள். வலது குச்சியை விட்டால் தானே நடுவுக்கு வந்துவிடும். இடது குச்சி அப்படியில்லை, விட்ட இடத்திலேயே நிற்கும். மேலே தள்ளத் தோள் போதும். கீழே இழுக்கத்தான் கட்டைவிரல் நிமிர்ந்து, குச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும்.

அவன் தோளைச் சாய்த்துத் தள்ளினான். மோட்டார் இரைந்தது. விசில் ஓடிப்போய் வீசினான். விமானம் ஒருமுறை தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டு, மேலே ஏறியது.

அது அழகாகத்தான் பறந்தது. அவளே ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அவள் வெட்டிய அட்டை, அவள் ஊதிய பசை, வெயிலில் வெள்ளையாகச் சாய்ந்து திரும்பியது. உடைந்த சுவர்களின் மேல் அதன் நிழல் ஏறி இறங்கியது. அவன் வலது கட்டைவிரல் மட்டும் குச்சியில் நுணுக்கமாக அசைந்துகொண்டிருந்தது. இடது கட்டைவிரல் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"கை வந்துருச்சு அண்ணே!" விசில் தூரத்திலிருந்து கத்தினான். "இறக்குங்க, டீ குடிக்கலாம்!"

"இன்னொரு ரவுண்டு" என்றான் அவன்.

விமானம் மைதானத்தைச் சுற்றி வந்தது.

"இன்னொரு ரவுண்டு."

மூன்றாவது முறை அவன் அதைச் சொன்னபோது குரல் விசிலுக்குக் கேட்டிருக்காது. அவனுடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது தோள் ஏறியது, இறங்கியது. கட்டைவிரல் நிமிரவில்லை. வலது கையை எடுத்து இடது குச்சியை ஒரு தட்டு தட்டினால் போதும். அதை அவன் செய்ய மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அவன் அரை அடி அவள் பக்கமாக நகர்ந்து நின்றான். கண் வானத்திலேயே இருந்தது. ரிமோட்டின் இடது ஓரம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. விசில் நின்ற இடத்திலிருந்து அவன் முதுகுதான் தெரியும்.

அவள் விரல் நுனியால் குச்சியை இழுத்தால் விமானம் இறங்கிவிடும். இறங்கினால் திங்கட்கிழமை அவன் போய்க் கேட்பான். போர்டில் எப்படியோ சமாளித்துவிடுவான், சமாளிக்கத் தெரிந்தவன். அதன்பிறகு ஒரு நாள், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு... அவள் புடவைத் தலைப்பை எடுத்து இரண்டு கைகளிலும் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

அவன் அதைப் பார்த்தான். திரும்பாமலேயே பார்த்தான்.

விமானம் சுற்றியது. இரைச்சல் மெலிந்தது, கம்மியது. பேட்டரி தீர்ந்து மோட்டார் தானாக நின்றது. மைதானத்தில் திடீரென்று காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. வலது கட்டைவிரலால் அவன் அதைப் பூப்போலக் கொண்டுவந்து புல்லில் வைத்தான்.

விசில் இரண்டு விரல்களை வாயில் வைத்து ஊதினான், பஸ்ஸை நிறுத்துவதுபோல. "ஸ்டாப்பிங்ல கரெக்டா போட்டீங்க அண்ணே! திங்கக்கிழமை ஸ்வீட்டோட வர்றேன்!" ஓடிப்போய் விமானத்தைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தான். பேட்டரியில் மிஞ்சிய துளியில் மூக்கிலிருந்த விசிறி துடித்து அரைச் சுற்று சுற்றி நின்றது. "பாருங்க, இன்னும் அடங்கலை இதுக்கு!"

கணவனின் ரிமோட்டில் வேகக் குச்சி இன்னும் தள்ளிய உயரத்திலேயே நின்றிருந்தது.

"விரல்..." என்றான் கணவன் மெதுவாக.

அவள் தலைப்பைக் கைகளிலிருந்து அவிழ்த்தாள். தூரத்தில் விசிறி மறுபடி துடித்தது. விசில் வாய்நிறையச் சிரித்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் ஐந்தையும் நிமிர்த்த முடியாது என்று தெரிந்தும், அவள் சுண்டுவிரலிலிருந்து தொடங்கினாள்.