ஆறாம் வரிசைக் கண்ணாடிகள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்லிவிடுவாள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். வெட்டவெளியில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி வரிசை வரிசையாக மூவாயிரம் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் வெயிலைப் பிடித்துக் கோபுரத்தின் உச்சிக்கு அனுப்பும். அந்தச் சூட்டில் நீராவி உண்டாகி மின்சாரம் வரும். நான் களத்தில் ஸ்பேனர் பிடிக்கிறவள். அவள் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடிகளை எழுப்புகிறவள், திருப்புகிறவள், வேலை முடிந்ததும் படுக்க வைக்கிறவள்.

பத்து வாரமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவளுடைய அடையாள அட்டையைச் சட்டைப் பையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன், அதுதான் ஆரம்பம். "அண்ணிக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும், கண்ணு வேலை செய்யாது" என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் சொன்னாள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? அட்டை போனால் என்ன, உள்ளே போய் உட்கார்ந்து டீ குடிப்பதற்கு அட்டை எதற்கு என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள்தான் இரண்டு பேரும்.

என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதமாக வீட்டோடு இருக்கிறார். "உப்பு தீர்ந்துபோச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க" என்று நான் சொல்வேன். "வாங்கியாச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுண்ணா" என்று அவள் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். "கனமானதைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. உங்க சண்டையைத் தூக்கிட்டு அலையறேன்" என்பார் அவர். வீடு எங்கள் இருவரின் வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். களத்தில் இருக்கும் ஒரு கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி அல்ல. ஒரு இரும்புச் சட்டத்தில் எட்டுத் துண்டுகள். எட்டின் வெளிச்சமும் கோபுரத்தில் ஒரே இடத்தில் விழ வேண்டும், அதற்காக ஒவ்வொரு துண்டையும் நட்டைத் திருகிக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்க்க வேண்டும். அதுதான் என் வேலை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சாய்வு வைக்கும்போது கண்ணாடி நின்றுகொண்டிருக்க வேண்டும். படுத்திருந்தால் சட்டம் தன் கனத்தில் தொய்ந்திருக்கும். அந்த நிலையில் வைத்த சாய்வு, எழுப்பி நிறுத்தியதும் மாறிவிடும்.

ஆறாம் வரிசையில் நாற்பத்திரண்டு கண்ணாடிகள். ஒவ்வொன்றையும் எழுப்பச் சொல்லி வாக்கி டாக்கியில் கண்ட்ரோல் ரூமைக் கேட்க வேண்டும். அந்த வாரம் கண்ட்ரோல் ரூமில் யார்? அவள்தான். நாற்பத்திரண்டு தடவை நான் அவளிடம் போய் நிற்பதா?

"அக்கா, எழுப்பச் சொல்லலையா?" என்று கூட வேலை செய்யும் நெட்டைப் பையன் கேட்டான்.

"படுத்திருந்தா ஏணிகூட வேணாம். எத்தனை வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன், கொஞ்சம் கூட்டிக் குறைச்சு வைக்க எனக்குத் தெரியாதா?" என்றேன். வரிசை முழுவதையும் படுத்தபடியே முடித்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இறுதிப் பரிசோதனை. அந்த வாரத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாக்கி டாக்கியில் அவள் குரல் வந்தது.

"ஆறாம் வரிசை ஒண்ணாம் நம்பர். வெளிச்சம் கைக்குட்டை அளவுக்கு விழணும், போர்வை அளவுக்கு விரிஞ்சு விழுது."

"உங்க கேமராவைத் துடைச்சுட்டுப் பாருங்க" என்றேன்.

"துடைச்சாச்சு. ஏழாம் சானலுக்கு மாறுங்க."

மாறினேன். அதில் நாங்கள் இருவர் மட்டும். "நாற்பத்திரண்டும் அப்படித்தான் இருக்கு. ஒண்ணைக்கூட எழுப்பச் சொல்லி நீங்க கேக்கவே இல்ல" என்றாள்.

போன வருடம் இதே தவறை ஐந்து கண்ணாடிகளில் செய்த ஒருவரை, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட விடாமல் கேட்டுக்கு வெளியே அனுப்பினார் எங்கள் பொறியாளர். ஐந்துக்கே அப்படி. என் வேலை போனால் வீட்டுக்காரரின் அடுத்த ஆபரேஷன் என்ன ஆகும்?

"இருக்கீங்களா?" என்றாள். "ஏணியைக் கொண்டு வாங்க. ஒண்ணாம் நம்பரை எழுப்புறேன்."

என் கண் முன்னால் அந்தக் கண்ணாடி மெதுவாக எழுந்து நின்றது.

மூன்று நாள். ஒரு நாளைக்குப் பதினான்கு. கோபுர உச்சிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அவள் வெளிச்சத்தை அதில் விழவைத்துப் பார்த்துச் சொல்வாள், நான் ஏணியில் நின்று திருகுவேன். "மேலே வலது ஓரம், அரைச் சுத்து. அய்யோ, அது இடது. சாப்பிடற கை எதுன்னு பாத்துத் திருகுங்க." கோபம் வர வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டாம் கண்ணாடியில் நானும் திருப்பிக் கொடுத்தேன். "அங்க ஏசி காத்துல உக்காந்துட்டு வாய் பேசறது சுலபம், இறங்கி வந்து ஒரு நட்டைத் திருகிப் பாரு." அவளும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

"பொறியாளர் கேட்டா என்ன சொல்லுவே?" என்று இரண்டாம் நாள் கேட்டேன்.

"அதை நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க நட்டைப் பாருங்க."

புதன்கிழமை வெயில் இறங்குவதற்குள் நாற்பத்திரண்டும் முடிந்தன. வெள்ளிக்கிழமை பரிசோதனையில் தேறிவிட்டோம். சாயங்காலம் பொறியாளர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். ஆறாம் வரிசை பிரமாதம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"ஷிஃப்ட் பொறுப்பை உங்களுக்குத்தான் கொடுக்கறதா இருந்தேன். ஆனா நாற்பத்திரண்டு கண்ணாடியை எழுப்பாம விட்டது உங்க தப்புன்னு நீங்களே கண்ட்ரோல் ரூம் லாக்ல எழுதிருக்கீங்க. இந்த வருஷம் முடியாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். நாலு வருடமாக அவள் காத்திருந்த பொறுப்பு அது.

பேசாமல் இருந்திருந்தால் என் வேலை பத்திரம். ஒரு நிமிடம் இருந்தும் பார்த்தேன், பொய் சொல்வானேன். முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், அவ பொய் எழுதிருக்கா. நான் எழுப்பச் சொல்லிக் கேக்கவே இல்ல. வீட்டுச் சண்டையில வீம்புக்குப் படுத்தபடியே சாய்வு வெச்சேன். தப்பு முழுக்க என்னோடது."

அவள் "உக்காருங்க அண்ணி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அனுப்பிருப்பேன். இப்ப வரிசை சரியா இருக்கு. ஸ்பேனரை ஒப்படைச்சிடுங்க. ஆறு மாசம் கண்ணாடி கழுவுற வண்டியில போங்க" என்றார். ஷிஃப்ட் பொறுப்பு அவளுக்கே என்றும் சொன்னார். எனக்கு அது போதும். கழுவுகிற வண்டி என்ன, கக்கூஸ் கழுவச் சொன்னாலும் அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

லாக்கில், அதாவது கணினிப் பதிவேட்டில், அந்தக் குறிப்பை அழிக்கும்போது இருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். திரையைத் திருப்பினார். "களத்திலிருந்து எழுப்பச் சொன்னார்கள். நான் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது." கீழே அவள் பெயர், தேதி, நேரம். திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து.

அவள் என்னை வாக்கி டாக்கியில் கூப்பிட்டது பத்து மணிக்கு. அதற்கு ஐம்பது நிமிடம் முன்னாலேயே எழுதிவிட்டாள். நான் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதற்கு முன்னால்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நாம பேசிக்கவே இல்லையேடி. எதுக்கு எழுதினே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல.

"பேசாம இருந்தா நீங்க எங்க வீட்டு ஆளு இல்லன்னு ஆயிடுமா?" என்றாள்.

நன்றி என்று மட்டும் சொன்னேன். அதையும் அழாமல் சொல்ல முடியவில்லை.